கணினிக்குக் காற்று

முல்லையாற்றின் கரையிலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அருகிலே அமைந்த ஊர் உத்தமபாளையம். நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கைக் காண வருவோர், இவ்வூரில் வெயிலின் கொடுமை ஏது என்று எண்ணுதல் இயல்பு. சித்திரைத் திங்களில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு நாழிகைப் பொழுது அமர்ந்திருந்தால் அவ்வெண்ணம் அகன்றுவிடும். மேலே கான்கிரீட்டுத் தளம். காலை முதல் வெயிலைக் குடித்த அத்தளம் மாலையிலும் அனலை உமிழ்ந்துகொண்டே இருக்கும். 2024 ஆம் ஆண்டுச் சித்திரையில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, அவ்வறையில் மாட்டியிருந்த வெப்பமானி 36 பாகை செல்சியசு காட்டிற்று.

அந்த மாடியறையிலேதான் என் பேர்த்தியின் கணினி இருந்தது. அது கடையில் முழுதாக வாங்கிய கணினி அன்று. அசைவுப்படம் வரையக் கற்கும் அவள், எட்டுத் திங்கள் காலம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, உறுப்பு உறுப்பாக வாங்கித் தானே பூட்டிய கணினி. சென்னையிலே ரிச்சி தெரு என்று ஒரு தெரு உண்டு. மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போனது. சில உறுப்புகள் அங்கிருந்து வந்தன. சில அஞ்சலில் வந்தன. உதவிப் பணத்திலும் என் ஓய்வூதியத்திலும் மிச்சம் பிடித்தவை எல்லாம் அப்பெட்டிக்குள் அடங்கின.

கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய பயிற்சிப் படம் ஒன்றை அவள் அன்று முடித்துக்கொண்டிருந்தாள். வரைந்த காட்சிகளை ஒளியும் நிழலும் சேர்த்து ஒவ்வொரு சட்டமாகக் கணினியே தீட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும் என்றாள். அரை மணி நேரத்தில் கணினி தளர்ந்தது. மின்விசிறி பேரொலி எழுப்பிற்று. பின்னர்த் திடுமென அணைந்துபோயிற்று. மீண்டும் தொடங்கினாள், மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை அணைந்தபோது அவள் கண் கலங்கிவிட்டாள்.

அவள் தோழி ஒருத்தி தொலைபேசியில், “லிக்விட் கூலர் வாங்கிப் பூட்டு, ஏழாயிரம் ரூபாய் ஆகும், தொல்லை தீரும்” என்று அறிவுரை கூறினாள். அவ்வாண்டு பருவந்தப்பிப் பெய்த மழையால் திராட்சைக் கனிகள் வெடித்து, என் மகனுக்குப் பந்தல் செலவுகூடத் திரும்பவில்லை. என் மருமகள் சற்றும் தயங்காமல், “மாமா, என் கம்மலை அடகு வைத்தால் போயிற்று” என்றாள்.

“இரண்டு நாள் பொறு, அம்மா” என்றேன்.

எனக்குக் கணினி தெரியாது. ஆயினும், ஒரு சொல்லைக் கேட்டால் அதன் பொருள் யாது என்று ஆராயாமல் விடும் வழக்கம் எனக்கில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த பழக்கம் அது. ‘கூலர்’ என்பதனைக் ‘குளிர்விப்பான்’ என்று இக்காலத்தார் பெயர்த்துள்ளனர். அக்கருவி உண்மையிலே குளிர்விக்கின்றதா? இவ்வினாவுக்கு விடை கண்டால், ஏழாயிரம் ரூபாய் செலவிடுவதா வேண்டாவா என்பதும் விளங்கும் என்று எனக்குத் தோன்றிற்று.

‘ஆறு’ என்னும் வினையை எண்ணிப் பாருங்கள். ‘பால் ஆறிற்று’ என்பது தன்வினை. ‘பாலை ஆற்றினாள்’ என்பது பிறவினை. ஆற்றுதல் என்பது ஒரு பொருளில் மிக்குள்ள சூடு வெளியேற வழி செய்தல்; குளிர்வித்தல் என்பது சுற்றுப்புறத்தின் சூட்டளவுக்கும் கீழே ஒரு பொருளைக் கொணர்தல். கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பைக் காற்றில் வைத்தால் அது காற்றின் சூட்டளவு வரை ஆறும். அதற்குக் கீழே ஒரு பாகையும் இறங்காது. மண்பானையின் செயல் வேறு. அதன் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலுள்ள நீரிடமிருந்தே பெறுகின்றது. ஆதலின் உள்ளிருக்கும் நீர் அறையைவிடக் குளிர்ந்து விடுகின்றது. பானை குளிர்விப்பான், குளிர்பதனப் பெட்டி குளிர்விப்பான். கணினிக்குள் பூட்டும் கருவியோ, விலை எதுவாயினும், சூட்டை வாங்கி அறைக் காற்றிடம் ஒப்படைக்கும் தரகு வேலையையே செய்கின்றது. அதனை ‘ஆற்றி’ என்று நான் அழைப்பேன். பேர்த்தி நகைத்தாள், எனினும் அன்று முதல் எங்கள் வீட்டில் அப்பெயரே வழங்குகின்றது.

இனிக் கணினிக்குள் சூடு எங்கிருந்து வருகின்றது என்பதைக் காண்போம். செயலி என்பது கணினியின் மூளை போன்ற சில்லு. அது உண்ணும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் முடிவில் வெப்பமாகவே மாறுகின்றது. எங்கள் கணினியிலுள்ள செயலியின் பெட்டியில் ‘65 வாட்டு’ என்று அச்சிட்டிருந்தது. 65 வாட்டு என்பது ஒரு பழைய குண்டு விளக்கின் அளவுதானே என்று எண்ணலாம். ஆனால், அவ்வளவு வெப்பமும் ஒரு கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் பிறக்கின்றது. 1000 வாட்டு இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்டு. சில்லின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட்டுக்கு மேல் ஆகின்றது. துணியைக் கருக்கும் இஸ்திரிப் பெட்டியினும் எட்டு மடங்கு நெருக்கமான வெப்பம்! மேலும், கடும் வேலை வரும்போது செயலி சிறிது நேரம் தன் பெட்டியில் அச்சிட்ட அளவையும் மீறி மின்னை உண்ணும்.

இவ்வெப்பம் வெளியேறாவிடின் செயலி என்ன செய்யும்? இக்காலச் செயலிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் திறம் உடையன. 95 அல்லது 100 பாகையை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் பின்னும் சூடேறினால் கணினியை அணைத்துவிடும். வெயிலில் உழும் மாடு முதலில் நடை தளர்ந்து, பின்னர்ப் படுத்துக்கொள்வதைப் போன்றது இது. ஆகவே, எங்கள் கணினி அணைந்தது பழுதினால் அன்று. தற்காப்பினால் என்பது தெளிவாயிற்று.

சில்லிலிருந்து சன்னல் வரை வெப்பம் செல்லும் வழி நீண்டது. சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கு, மூடியிலிருந்து ஒரு பசைக்கு, பசையிலிருந்து ஆற்றியின் அடித்தகட்டுக்கு, அங்கிருந்து மெல்லிய தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு, அக்காற்று அறைக்கு, அறைக் காற்று வெளிக்கு. வாய்க்காலில் எங்கேனும் ஓரிடத்தில் மண் சரிந்தால், மற்ற இடங்களை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் கடைமடைக்கு நீர் ஏறாது. முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழும் எங்கள் பக்கத்து உழவருக்கு இதனைச் சொல்ல வேண்டுவதில்லை. முதலில் காண வேண்டியது அடைப்பு எங்கே என்பதுதான்.

மறுநாள் காலை, வெயிலேறுமுன், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். முதல் அடைப்பு திறக்குமுன்னரே தென்பட்டது. கணினியின் மீது தூசி படியக்கூடாதே என்னும் அன்பினால், பூவேலை செய்த துணி ஒன்றை நானே அதன்மேல் போர்த்தி வைத்திருந்தேன். பெட்டியின் மேற்புறத்திலும் பின்புறத்திலும் உள்ள துளைகளே சூடான காற்று வெளியேறும் வாயில்கள். துணி அவ்விரண்டையும் மூடித் தொங்கிற்று. பேர்த்தி வேலை செய்யும்போது முன்பக்கத்தை மட்டும் விலக்கிக்கொள்வாள். தாத்தா போர்த்திய துணி என்று எடுக்காமல் விட்டிருக்கின்றாள். 

இத்தகைய அன்பு பல வீடுகளில் உண்டு என்பதனால் இதனை மறைக்காமல் எழுதுகின்றேன். தமிழக அரசு 2011 ஆம் ஆண்டில் மேனிலைப்பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவ்வாறு பெற்ற மடிக்கணினியை மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்து இயக்கிய பிள்ளைகளை நான் கண்டதுண்டு. காற்று புகும் துளை பெரும்பாலும் மடிக்கணினியின் அடிப்புறத்தில் இருக்கும். மெத்தை அதன் மூச்சை அடைத்துவிடும்.

இரண்டாம் அடைப்பு தூசி. ஆனி, ஆடித் திங்களில் எங்கள் பள்ளத்தாக்கில் வீசும் காற்றைப் பற்றி வெளியூரார்க்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்கு உகந்த கணவாய்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பத்தையும் சேர்த்துக் கூறுவர். எம்மூர்க் காளாத்தீசுவரர் கோயிலைத் தென்காளத்தி என்று வழங்குவதும், வடக்கே உள்ள காளத்தி ஐம்பூதத் தலங்களுள் காற்றுக்குரியதாக இருப்பதும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அக்காற்று உழுத புழுதியை எல்லாம் வீட்டுக்குள் கொணர்ந்து சேர்க்கும். ஆற்றியின் தகடுகளுக்கிடையே அப்புழுதி கம்பளம் போலப் படிந்திருந்தது. முற்காலத்தில் பள்ளிகளின் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும் என்பர். அதனை ஏதோ கோயில் மரபு என்று அப்போது எள்ளினோம். இப்போது காரணம் விளங்கிற்று.

புழுதியை மென்மையான தூரிகையாலும் காற்றூதியாலும் அகற்றினோம். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அது அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி தேயும்.

மூன்றாம் அடைப்பைக் கண்டவள் பேர்த்தியே. செயலியோடு உடன் வந்த சிறிய ஆற்றியை மதர்போர்டில் இருத்துவதற்கு நான்கு முளைகள் உண்டு. அவற்றுள் ஒன்று முழுமையாக இறங்காமல் சற்றே தூக்கி நின்றது. பூட்டிய நாளிலேயே அவ்வாறு இருந்திருக்கும் போலும். நான்கு காலுள்ள கட்டிலில் ஒரு கால் குட்டையானால் எப்படியோ, அப்படி ஆற்றியின் அடித்தகடு செயலியின் மேல் ஒரு பக்கம் படாமல் சாய்ந்திருந்தது. இடையில் புகுந்ததோ காற்று. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறம் 400 என்னும் அளவினது எனின், அலுமினியம் ஏறத்தாழ 235. அசையாத காற்றோ 0.026. சூட்டை வெளியேற்றும் இடத்தில் ஓடும் காற்று நண்பன். இரு உலோகங்களுக்கிடையே சிக்கிய காற்று பகைவன்.

இவ்விடத்தில்தான் வெப்பப்பசை உதவுகின்றது. கடையில் தெர்மல் பேஸ்ட் என்று கேட்டால் தருவார்கள். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்றை அகற்றி அவ்விடத்தைப் பசை நிரப்புகின்றது. பெரும்பாலான பசைகளின் கடத்துதிறம் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்று; செம்பைவிட மிகத் தாழ்வு. ஆகையால் அது மெல்லியதாக இருத்தல் வேண்டும். அதிகம் பூசினால் அதிகக் குளிர்ச்சி என்று எண்ணுவது தவறு. பழைய பசையை ஆல்ககால் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்து, ஆற்றியை நேராக அழுத்தினால் போதும். அழுத்தமே அதனைப் பரப்பிவிடும். புதிய ஆற்றியாக இருப்பின், அடித்தகட்டில் ஒட்டியுள்ள மெல்லிய காப்புத்தாளை உரிக்க மறத்தல் கூடாது. அனுபவம் உடையோரும் மறக்கும் செயல் அது.

பசைக்கு ஆன செலவு 250 ரூபாய். துணியை விலக்கி, புழுதி துடைத்து, முளையை இறக்கி, மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தபின் அதே பிற்பகல் வேளையில் அதே வேலையைத் தந்தோம். வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளில் நூறாக நின்ற எண் 84 இல் நின்றது. கணினி அணையவில்லை. மருமகளின் கம்மல் காதிலேயே இருந்தது.

எனினும், 84 பாகையில் மணிக்கணக்காக உழைப்பது செயலிக்குப் பொறுக்கும் என்றாலும், அச்சிறிய விசிறி எழுப்பும் ஓசை மனிதர்க்குப் பொறுக்கவில்லை. ஆண்டு முழுவதும் அவள் படம் தீட்டியாக வேண்டும். ஆகவே, கையிலிருந்த மூவாயிரம் ரூபாய்க்குள் நல்லதோர் ஆற்றியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தோம்.

தேர்வில் நாங்கள் கண்ட வகைகள் மூன்று. செயலியோடு இலவசமாக வருவது முதலாவது. ஏஎம்டி ரைசன் 5 5600 என்னும் செயலியோடு ‘ரெயித் ஸ்டெல்த்’ என்பது உடன் வருகின்றது. இன்டெல் நிறுவனத்தின் ‘கே’ என்னும் எழுத்தில் முடியும் செயலிகளோடு 2015 ஆம் ஆண்டிலிருந்து ஆற்றி வருவதில்லை. எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கணினி வைத்திருப்போர்க்கு உடன் வருவதே போதும். அவர்கள் ஒரு காசும் செலவிட வேண்டா என்பது என் துணிபு.

இரண்டாவது வகை கோபுர ஆற்றி. பெயருக்கேற்பக் கோபுரம் போல் நிமிர்ந்து நிற்கும் தகடுகளின் அடுக்கு. அதன் பக்கவாட்டில் 120 மில்லிமீட்டர் விசிறி. அடித்தகட்டிலிருந்து மேலேறும் நான்கு செப்புக் குழாய்கள். இக்குழாய்களே இதன் உயிர். உள்ளே காற்றை அகற்றிச் சிறிதளவு நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாதலின் நீர் 100 பாகைக்கு மிகக் கீழேயே கொதித்து ஆவியாகி, வெப்பத்தைச் சுமந்து மேலே ஏறும். தகடுகளின் அருகே குளிர்ந்து மீண்டும் நீராகும். குழாயின் உட்சுவரிலுள்ள திரி போன்ற நுண்துளைப் பரப்பு அந்நீரைக் கீழே இழுத்து வரும். இட்டிலிச் சட்டியில் எழும் ஆவி மூடியில் பட்டு நீர்த்துளியாகி மீண்டும் கீழே சொட்டுவதைக் கண்டிருப்பீர்கள், அதே வித்தை. கெளக்லர் என்பவர் 1944 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் எவரும் பொருட்படுத்தவில்லை. 1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாசு அலமோசு ஆய்வுக்கூடத்தில் சியார்ச்சு குரோவர் என்பவர் தனியே ஆராய்ந்து செய்து காட்டி, ‘வெப்பக் குழாய்’ என்னும் பெயரையும் இட்டார். விண்கலங்களில் பயன்பட்ட அக்குழாய், இன்று இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் உத்தமபாளையத்து மாடியறைக்கு வருகின்றது. நாம் அதனை வியவாமல் வண்ண விளக்கு எரிகின்றதா என்று கேட்கின்றோம்!

மூன்றாவது வகை தோழி கூறிய திரவ ஆற்றி. சிறிய எக்கி ஒன்று நீர் கலந்த திரவத்தைச் செயலியின் மேல் ஓட்டி, குழாய் வழியே ரேடியேட்டருக்குக் கொண்டு செல்லும். அங்கே விசிறிகள் அத்திரவத்தின் சூட்டை ஆற்றும். மிகுந்த வாட்டு உண்ணும் செயலிகளுக்கு அது ஏற்றதே. அதனை இகழ வேண்டுவதில்லை. ஆனால் அதன் இறுதிப் படியும் அறைக் காற்றுத்தான். அறை 36 பாகை எனின் அத்திரவமும் 36 பாகைக்குக் கீழே இறங்காது. அன்றியும், எக்கி நின்றால் எல்லாம் நின்றது. அடைத்த திரவமும் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் குறையும். கோபுர ஆற்றியில் பழுதாவது பெரும்பாலும் விசிறி ஒன்றே. அதை மாற்ற நானூறு, ஐந்நூறு ரூபாய் போதும். 65 வாட்டுச் செயலிக்குத் திரவ ஆற்றி பூட்டுவது, ஒரு குடம் நீர் இறைக்க ஏற்றம் கட்டுவது போன்றது.

பெருங்கணினிகளின் வரலாற்றைப் பார்த்தாலும் இதுவே தெரியவரும். 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற எனியாக்கு என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன; அது உண்ட மின்னாற்றல் 150 கிலோவாட்டு. பெரிய ஊதுவிசிறிகளைக் கொண்டே அதன் சூட்டை ஆற்றினர். 1985 ஆம் ஆண்டில் வந்த கிரே-2 என்னும் மீக்கணினியில், மின்சாரம் கடத்தாத திரவத்திலேயே உறுப்புகளை மூழ்க வைத்தனர். அத்திரவத்தின் சூட்டை வாங்கத் தனியே குளிர்ந்த நீர் வேண்டியிருந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 வந்தது. அக்காலத்துப் பெருங்கணினிகளுக்கெல்லாம் குளிர்பதனம் செய்த தனி அறை கட்டாயம். அதாவது, முதலில் அறையைக் குளிர்வித்தனர். பின்னரே கணினியை ஆற்றினர். அறையைக் குளிர்விக்க வழியில்லாத நாம் அறையின் சூட்டைக் கணக்கில் கொண்டே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இக்கணக்கு எளிது, ஆனால் பலர் ஏமாறுவதும் இதில்தான். ஓர் ஆற்றியைச் சோதித்தவர்கள் ‘செயலி 60 பாகையில் நின்றது’ என்று எழுதுவார்கள். அவர்கள் சோதித்த அறையின் வெப்பநிலை 22 பாகையாக இருக்கும். அறைக்கு மேல் ஏறியது 38 பாகை. அதே ஆற்றி, அதே வேலைக்கு, எங்கள் மாடியறையில் 36 உடன் 38 சேர்ந்து 74 பாகையில் நிற்கும். ஆகவே, எழுதியுள்ள எண்ணை அப்படியே நம்பாமல், அறைக்கு மேல் எவ்வளவு ஏறிற்று என்று பார்த்து, நம் ஊர்ச் சித்திரை வெயிலோடு அதனைக் கூட்ட வேண்டும். பேர்த்தி ஒரு தாளில் ஏழெட்டு ஆற்றிகளுக்கு இவ்வாறு கூட்டி எழுதினாள். விலை இருமடங்கான சில ஆற்றிகள் தந்த மிச்சம் மூன்று அல்லது நான்கு பாகையே. மாடியறையை விட்டுக் கீழறைக்குக் கணினியை இறக்கினாலே அந்நான்கு பாகை கிடைத்துவிடுமே என்று அவளே கூறினாள். அன்று மாலையே இறக்கினோம்.

இறுதியில் டீப்கூல் ஏஜி400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 என்னும் இரண்டையும் போன்ற, நான்கு வெப்பக் குழாயும் 120 மில்லிமீட்டர் விசிறியும் உடைய ஒற்றைக் கோபுரமே போதும் என்று தெளிந்தோம். வாங்குமுன் அளக்க வேண்டியவை சில உண்டு. கோபுரத்தின் உயரம் பெட்டிக்குள் அடங்குமா என்பது முதலாவது. 150 முதல் 160 மில்லிமீட்டர் வரை உயரமுள்ளவற்றை ஒடுக்கமான பெட்டியில் வைத்தால் பக்கக்கதவு மூடாது. பேர்த்தி அளவுகோல் வைத்து அளந்தபோது, பெட்டிக்குள் 155 மில்லிமீட்டரே இடம் இருந்தது. ஆதலின் 150 மில்லிமீட்டர் உயரமுள்ளதைத் தேர்ந்தாள். அளவாமல் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் கூலி வீணாகியிருக்கும். நினைவகப் பலகைகளின் மேல் விசிறி இடிக்குமா என்பதையும், ஏஎம்4, எல்ஜிஏ1700 முதலிய செயலி இருக்கைகளுள் நம்முடையது எதுவோ அதற்குரிய பூட்டுச்சட்டம் உடன் வருகின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். விசிறியின் செருகி நான்கு முள் உடையதாயின், செயலியின் சூட்டுக்கேற்ப வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மதர்போர்டால் இயலும். சும்மா இருக்கும்போது ஓசையின்றி மெல்லச் சுழலும்.

மீதியிருந்த பணத்தில் பெட்டியின் முன்பக்கத்துக்கு ஒரு விசிறி வாங்கினோம். பழைய வீடுகளில் தலைவாசலுக்கு நேரே கொல்லைவாசல் வைத்துக் கட்டுவார்கள். முன்னே புகுந்த காற்று முற்றம் கடந்து பின்னே போய்விடும். கணினிப் பெட்டிக்கும் அதுவே முறை: முன்விசிறி உள்ளே இழுக்க வேண்டும், பின்விசிறி வெளியே தள்ள வேண்டும். கோபுரத்தின் விசிறியும் அதே திசையில், முன்னிருந்து பின்னோக்கி ஊத வேண்டும். விசிறியைத் திருப்பிப் பூட்டிவிட்டால் ஒன்று ஊதுவதை மற்றொன்று எதிர்த்து நிற்கும். பெரும்பாலான விசிறிகளில் தாங்குசட்டம் குறுக்கே அமைந்த பக்கமே காற்று வெளியேறும் பக்கம் என்று பேர்த்தி எனக்குக் காட்டினாள். மெல்லிய தாள் ஒன்றை முன்னே பிடித்தோம், ஒட்டிக்கொண்டது. பின்னே பிடித்தோம், படபடத்தது. காற்று நேர்வழியில் செல்வது உறுதியாயிற்று.

சித்திரைக் கடைசியில், கீழறை வெப்பமானி 33 பாகை காட்டிய பிற்பகலில், அதே படத்தைத் தீட்டினாள். மூன்று மணி நேரமும் எண் 70 ஐ ஒட்டியே நின்றது. விசிறியின் ஓசை கேட்கவில்லை. அடுப்படியில் தாளிக்கும் ஓசைதான் கேட்டது. பசை, கோபுரம், முன்விசிறி மூன்றுக்கும் ஆன செலவு மொத்தம் 2,800 ரூபாய்க்கு உட்பட்டது.

ஆடி பிறந்தது. மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கிற்று. முற்றத்துத் துளசிமாடம் வரை செம்மண் புழுதி படிந்தது. பேர்த்தி பெட்டியின் முன்பக்கத்து வலையைக் கழற்றிக் கழுவி வெயிலில் உலர்த்தினாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கின்றாள். பூவேலைத் துணியைக் காணோமே என்று தேடினேன். அது என் மருமகளின் தையற்பொறியின் மேல் கிடந்தது.